கை வெட்டிய நாற்காலிகள்

"வெட்டுடா கையை!"

"நைனா, சொன்னா கேளு..."

"வெட்டுன்றேன் இல்ல? ரெண்டு கையையும் வெட்டு!"

விடிந்தும் விடியாததுமாக ஒரு வீட்டிலிருந்து இப்படிக் குரல் வந்தால் தெரு சும்மா இருக்குமா? எதிர்வீட்டுக் கங்கையம்மாள் அடுப்பில் வைத்த பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். போய்ப் பார்த்தால், அப்பாதுரை தன் வீட்டுக் கூடத்தின் நடுவில் ஒரு புது நாற்காலியில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு முட்டி நாற்காலியின் கைக்கு மேலே, மற்றொரு முட்டி இன்னொரு கைக்குக் கீழே. வெட்டச் சொன்னது அந்தக் கைகளைத்தான். கங்கையம்மாள் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் திரும்பினார். அதற்குள் பால் பொங்கி அடுப்பையும் அணைத்துவிட்டிருந்தது.

"நாற்காலின்னா காலைத் தொங்கவிட்டுக்கினு உட்காரணும். ஏறி சம்மணம் போடற எடமா அது?" என்றார் பெரியநாயகி, அப்பாதுரையின் மனைவி.

"தொங்கவிட்டா எனக்குச் சோறு எறங்காது. எங்கப்பன் காலத்துலேர்ந்து மடக்கின காலு இது. நாற்காலியில ஒக்காந்து துன்ன நான் இன்னா கலெக்டரா?"

"கலெக்டர் இல்ல, மாமனாரு. ஒரு வேளைக்குக் கலெக்டரா இருந்தா கொறைஞ்சிட மாட்டீங்க."

கதையை நடுவில் பிடித்தவர்கள் இங்கே மூச்சு வாங்கிக்கொள்ளட்டும். முன்கதை தெரிந்தவர்கள் நாலு பத்தி பொறுத்துக்கொள்ளட்டும்.

அப்பாதுரை திருப்புட்குழியில் நிலத்தை அண்ணன் முனிசாமியிடம் விட்டுவிட்டு, பெரிய காஞ்சிபுரத்தில் மரம் அறுத்து விற்கும் மரவாடி வைத்தவர். பெண் காந்தாவை உத்திரமேரூர் வேதாசலத்துக்கு, இரண்டு மகன்களில் மூத்தவருக்கு, சித்திரையில் கட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளைக்குச் செங்கல்பட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா வேலை. வைகாசியில் பஸ் படியிலிருந்து விழுந்து மாப்பிள்ளையின் வலது முட்டி நொறுங்கியது. மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் நேராகத்தான் இருந்தது. அதுதான் தொந்தரவு. நேராகவே இருந்தது, மடங்கவில்லை.

ஆடி விருந்துக்கு வந்தவரைத் தரையில் இலை போட்டு உட்கார வைத்தார்கள். அவர் காலை நீட்ட, அது எதிர் இலையில் இருந்த மாமனாரைப் பார்த்து நீண்டது. "காலை மடக்கிக்கினு ஒக்காருங்க மாப்பிள்ளை" என்று அப்பாதுரை பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்கப் பார்த்துத் தடுமாறி, ரசத்தில் கையை ஊன்றினார். மச்சான் சின்னப்பையன், காந்தாவின் தம்பி, சிரித்துவிட்டான். பேர்தான் சின்னப்பையன், இருபது வயது, எதற்கும் சிரிக்கிற வயது. மாப்பிள்ளை அப்படியே கிளம்பிப் போனவர்தான். ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்த பெண்ணை ஆவணி பிறந்ததும் அழைத்துப் போக வேண்டாமா? ஆவணி போயிற்று. புரட்டாசியும் போயிற்று. உத்திரமேரூரிலிருந்து ஒரு காக்காய்கூட வரவில்லை. மாமியார் மணியம்மாள் வேறு பெண் பார்க்கிறாள் என்ற பேச்சுதான் வந்தது.

இப்போது ஐப்பசி. அடுத்த வாரம் தலை தீபாவளி. அதற்கும் மாப்பிள்ளை வராவிட்டால் காந்தாவை வாழாவெட்டி என்று சொல்ல இந்தத் தெருவுக்கு நாக்கு கூசாது. எங்கள் தெருவை எனக்குத் தெரியும்.

பெரியப்பா முனிசாமிதான் நடுவில் போய்ப் பேசினார். "புதன்கிழமை மாப்பிள்ளையை நானே கூட்டிக்கினு வரேன். அவரு வாயால ஒரு முடிவு சொல்லட்டும்" என்றார். இன்றைக்குத்தான் அந்தப் புதன்கிழமை.

சின்னப்பையன் செய்த காரியம் இதுதான்: பதினைந்து நாளாக மரவாடியின் பின்பக்கம் உட்கார்ந்து, அறுத்து மிச்சமாகிக் கிடந்த துண்டு மரங்களில் நாலு நாற்காலி செய்திருந்தான். தறிக்கு அறுத்ததில் மீந்த வேங்கையில் கால்கள். யாரோ ஜன்னலுக்கு அறுத்துக்கொண்டு போனதில் மீந்த தேக்கில் சாய்மானம். உட்காரும் பலகை மாமரம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல்நுனியில் தோலே இல்லை. இடித்த வீட்டிலிருந்து வந்த ஒரு பழைய கதவை மரம் அறுக்கத் தாங்கலாக வைக்கும் மரக்குதிரைகள் இரண்டின்மேல் போட்டு, வெள்ளை வேட்டி விரித்தால் மேஜை. யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை. சிரித்த வாய்க்கு அவன் கை அபராதம் கட்டியது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் சரி. அப்பாதுரையின் சம்மணத்தை மட்டும் அவன் சரியாகக் கணக்குப் போடவில்லை. அவர் காலை மேலே மடக்கித்தான் உட்காருவார் என்பதால் பலகையை ஒரு சாண் கூடுதல் அகலமாகவே போட்டிருந்தான். ஆனாலும் இரண்டு பக்கமும் கை இருந்தால் முட்டி எங்கே போகும்?

"கை இருக்கட்டும் நைனா."

இதுவரை சமையலறை வாசலில் நின்றிருந்த காந்தா இப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அவருக்கு ஒக்காரதுக்குக் கை வேணாம். எழுந்திருக்கத்தான் வேணும். ரெண்டு பக்கமும் ஊணினாதான் அவரால எழுந்திருக்க முடியும். ஒரு மாசம் நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன்."

"அப்ப அவரு நாற்காலியில மட்டும் கை இருக்கட்டும். மத்த மூணுலயும் வெட்டு."

"மூணு ஒரு மாதிரி, ஒண்ணு வேற மாதிரியா? உள்ள வந்ததுமே எது நொண்டி நாற்காலின்னு அவருக்குத் தெரிஞ்சிடும். வாசப்படியோட திரும்பிடுவாரு. உன்னுதுல மட்டும் வெட்டினாலும் அதே கதைதான், மத்ததுல கை யாருக்குன்னு அவருக்குத் தோணிடும்."

"அதுக்கு நான் இன்னாம்மா பண்ண? கை இருந்தா நான் தரையிலதான் ஒக்காருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

மாமனார் தரையில், மாப்பிள்ளை நாற்காலியில். அது இன்னும் லட்சணம். பெரியநாயகி தலையில் கை வைத்துக்கொண்டார்.

காந்தா நாலு நாற்காலிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். தம்பியின் விரல்களைப் பார்த்தாள்.

"நாலுத்துலயும் வெட்டிடு" என்றாள்.

"அக்கா, அவரு எழுந்திருக்கறப்போ?"

"எழுந்திருக்கறப்ப பாத்துக்கலாம். முதல்ல ஒக்காரட்டும்."

சின்னப்பையன் ரம்பத்தை எடுத்தான். தான் வைத்த கையைத் தானே அறுப்பதற்கு அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. அறுத்த இடத்தை இழைப்புளி போட்டுச் சமன் செய்தான். விளக்கெண்ணெய் தடவினான். அப்படியும் வெட்டு வாய் பளிச்சென்று தெரிந்தது.

*

ஒன்பதரை மணி பஸ்ஸில் மாப்பிள்ளை இறங்கிவிட்டார் என்ற செய்தி சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. எங்கள் தெருவில் செய்திக்குச் சக்கரம் தேவையில்லை.

ஆனால் அன்றைக்கென்று தெருவில் தறிக்கான பாவு நீட்டியிருந்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, இடுப்புயரத்துக்குக் கட்டிய அரக்குச் சிவப்புப் பட்டு இழைகள். நெசவுக்காரர்கள் குச்சி போட்டு இழை பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரிக்‌ஷா முனையிலேயே நின்றுவிட்டது.

இறங்கியவர் வேதாசலம் மட்டும்தான். கூட்டிக்கொண்டு வருகிறேன் என்ற பெரியப்பா இல்லை.

அவர் இறங்கியது தெருவின் இந்தப் பக்கம். மாமனார் வீடு அந்தப் பக்கம். நடுவில் பாவு, இந்த முனையில் அதை அந்தப் பக்கத்துச் சுவரோடு கட்டியிருந்ததால் சுற்ற வழி இல்லை. நாங்கள் எல்லாரும் என்ன செய்வோம்? குனிந்து, முட்டியை மடக்கி, இழைக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடுவோம். நாய்க்கும் அந்த வழி தெரியும். நூலைத் தாண்டுவது என்ற பேச்சே கிடையாது. அது சோறு போடுகிற இழை.

வேதாசலம் கைத்தடியை ஊன்றி நின்று பாவைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். எதிரே, சரியாக அவருக்கு நேராக, காந்தா வாசலில் நின்றாள். நாலு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம். நடுவில் அந்தச் சிவப்பு.

நெசவுக்காரர் ஒருவர், "சாமி, கொஞ்சம் குனிஞ்சி வந்துடுங்க" என்றார் நல்ல மனதோடு. விஷயம் தெரியாதவர்.

சின்னப்பையன் இந்தப் பக்கம் ஓடிவர ஒரு காலை எடுத்து வைத்தான். காந்தா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். போய் என்ன செய்வான்? தூக்கிவிடுவானா? சிரித்தவன் தூக்கினால் அது இன்னொரு சிரிப்பு.

வேதாசலம் திரும்பினார். ரிக்‌ஷாவுக்குத்தான் போகிறார் என்று நினைத்தோம். பெரியநாயகி உள்ளே ஓடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஆனால் அவர் ரிக்‌ஷா பக்கம் போகவில்லை. பாவுக்குப் பக்கத்திலேயே, அதன் நீளத்துக்கு, தெருவின் மறு கோடிவரை நடந்தார். ஒரு கால் நடந்தது, ஒரு கால் அரை வட்டம் போட்டு வந்தது. கோடியில் பாவு கட்டிய கம்பத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாக அவ்வளவு தூரமும் திரும்பி வந்தார்.  இழை பிரிப்பவர்கள்கூடக் குச்சியை நிறுத்திவிட்டார்கள். வாசலுக்கு வந்தபோது முதுகுச் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் அப்பாதுரை. குரல் அவருடையது மாதிரியே இல்லை. "எங்க அண்ணன் வரலை?"

"வாலாஜாபாத்ல ஏறிக்கறேன்னாரு. பஸ் நின்னுச்சு. அவரைக் காணோம்."

*

நாலு நாற்காலிகளும் ஒரே மாதிரி இருந்ததை அவர் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாமனாரும் நாற்காலியில்தான் உட்காரப்போகிறார் என்று தெரிந்ததும் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். வலது கால் மேஜைக்கு அடியில் நேரே போயிற்று. எதிரே அப்பாதுரை பலகைமேல் ஏறிச் சம்மணம் போட்டிருந்ததால் கீழே இடிக்க எதுவும் இல்லை. யார் கால் யாரைப் பார்த்து நீண்டிருக்கிறது என்று மேஜைக்கு மேலே தெரியவில்லை. இதற்காகவேதான் வெள்ளைக்காரன் மேஜையைக் கண்டுபிடித்தானோ என்னவோ.

ஒரு பக்கம் சின்னப்பையன். மறுபக்கம் பெரியப்பாவுக்கென்று போட்ட இலை, சும்மா கிடந்தது.

காந்தா பரிமாறினாள். கோழிக் குழம்பு, முட்டைப் பொரியல். புரட்டாசி விரதம் முடிந்த வீடு, மணத்துக்குக் குறைவில்லை. பேச்சுக்குத்தான் பஞ்சம்.

"உங்க பக்கம் மழை எப்படி?" என்றார் அப்பாதுரை.

"இருக்குது."

"ஏரி?"

"ரொம்பலை."

 வேதாசலத்தின் இடது கை பலகையின் விளிம்பைத் தடவியது. அறுத்த இடத்துக்கு வந்ததும் நின்றது. சின்னப்பையன் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தான்.

"காலு வேங்கையா?"

"ஆமா மாமா! வேங்கை. பலகை மா. சாய்மானம் தேக்கு." அவன் வாய் அவசரமாக ஓடியது. "பொருத்தற எடத்துல ஆணியே இல்ல மாமா. எல்லாம் துளை போட்டு நாக்கு எறக்கினது."

"ஒரு நாற்காலிக்கு மூணு மரமா?"

அப்பாதுரை அடக்கமாக ஒரு பதில் சொல்ல நினைத்தார். அவருக்கு அடக்கம் பழக்கமில்லை. "எல்லாம் மிச்சம் மீதிதான் மாப்பிள்ளை. மரவாடியில சும்மா கெடந்த கழிவு. உங்களுக்காகன்னு ஒண்ணும் வாங்கலை."

சமையலறையில் பெரியநாயகி தன் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் எதிர்த் திண்ணையில் இருந்த எனக்கே கேட்டது.

வேதாசலத்தின் கை சோற்றில் நின்றது. கழிவு. உத்திரமேரூரில் மணியம்மாள் காது இதைக் கேட்டால் போதும், மூன்று மாதமாக வெறும் வாயை மென்றவளுக்கு அவல் கிடைத்த மாதிரி.

"நைனாவுக்கும் அதே மரம்தான்" என்றாள் காந்தா, குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே. "நாலும் ஒரே கழிவுதான். எதுலயும் வித்தியாசம் இல்ல."

மாப்பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தார். வந்ததிலிருந்து அதுதான் முதல் பார்வை. பிறகு சோற்றைப் பிசைந்தார்.

மோர்ச் சாதமும் முடிந்தது. இலையை மடிக்கும் நேரம் வந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பந்தியில் ஆளாளுக்கு எழுந்துவிட முடியாது. பெரியவர் எழுந்தால்தான் மற்றவர்கள் எழலாம். அவர் எழுந்த பிறகு யாரும் உட்கார்ந்திருக்கவும் கூடாது. இலைக்கு முன்னால் தனியாக மிஞ்சி உட்கார்ந்திருப்பவன் சோற்றுக்கு அலைகிறவன்.

அப்பாதுரை எழக் காலை இறக்கினார். அப்போதுதான் பார்த்தார்.

வேதாசலத்தின் இடது கை நாற்காலியின் பக்கவாட்டில் எதையோ தேடியது. பிடிக்க எதுவும் இல்லை. பலகை விளிம்பை அழுத்தினார். உடம்பு ஒரு விரற்கடை எழும்பி மறுபடி உட்கார்ந்தது. மேஜையைப் பிடித்தால்? குதிரைமேல் வைத்த கதவு, பிடித்தால் எல்லாமே கவிழும். தடி எட்டாத தூரத்தில் சுவரோடு நின்றது. அவர் முகத்தில் ஆடி மாதத்து ரசம் தெரிந்தது.

அப்பாதுரை இறக்கிய காலை மறுபடி மேலே மடக்கிக்கொண்டார்.

"காந்தா, இன்னும் கொஞ்சம் சோறு போடு."

"மோர் சாதம் துன்னுட்டியே நைனா."

"போடுன்றேன்."

போட்டாள். அவர் அதை ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டார். அது முடிந்ததும் ஊறுகாய் கேட்டார். ஊறுகாயை நக்கிக்கொண்டே வேங்கை மரம் இப்போது எங்கே கிடைக்கிறது, எப்படி அறுக்க வேண்டும் என்று பேசினார். அவர் பேசியதில் பாதி யாருக்கும் காதில் விழவில்லை. கை காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் பொருக்குத் தட்டியது. சின்னப்பையன் தன் இலையையே பார்த்துக்கொண்டு சிலை மாதிரி இருந்தான். சிரிப்பு வரவில்லை. அவனுக்கு இனி வாழ்நாளில் சாப்பாட்டு இடத்தில் சிரிப்பு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"மாமா, நீங்க எழுந்திருங்க" என்றார் வேதாசலம்.

"இருக்கட்டும். இன்னா அவசரம்?"

"கை காயுது."

"காயட்டும். மரக்கடைக்காரன் கைதானே."

 வெளியே பாவைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

"என்னால எழுந்திருக்க முடியலை மாமா."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது. விழுந்த நாளிலிருந்து இந்த ஒரு வாக்கியத்தை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை என்று பிற்பாடு காந்தா சொன்னாள்.

"நாற்காலிக்குக் கை இருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார் வேதாசலம்.

"இருந்துச்சு மாப்பிள்ளை." அப்பாதுரை பார்வையை இலையிலிருந்து எடுக்கவில்லை. "காலம்பற வரைக்கும் இருந்துச்சு. நான்தான் வெட்டச் சொன்னேன். எனக்குச் சம்மணம் போட எடம் வேணும்னு."

சின்னப்பையன் சட்டென்று பாதி எழுந்தான். வேதாசலத்தின் தோள் இறுகியது.

"ஒக்காருடா நீ!" என்றார் அப்பாதுரை.

அப்போது காந்தா கரண்டியைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அப்பன் எதிரே, தம்பி எதிரே, புருஷன் பக்கத்தில் போய் நின்று தோளைத் தாழ்த்தினாள். கல்யாணமான பெண் அப்பன் முன்னால் புருஷனைத் தொடுகிற பழக்கம் அந்த வீட்டில் அதுவரை இல்லை. பெரியநாயகி வெட்கப்பட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் திரும்பிக்கொள்ளவில்லை.

வேதாசலம் இடது கையை அவள் தோளில் வைத்தார். அவள் மூச்சைப் பிடித்து நின்றாள். அவர் எழுந்தார்.

அவர் நேராக நின்ற பிறகுதான் அப்பாதுரை காலை இறக்கினார். அவருக்குக் கால் மரத்துப்போயிருந்தது. சின்னப்பையன்தான் பிடித்துக்கொண்டான்.

*

கிணற்றடியில் காந்தா தண்ணீர் ஊற்ற, அவர் கை கழுவினார். இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள். அந்தக் கிணற்றடி எங்கள் வீட்டிலிருந்து தெரியாது. கட்டியவன் நாசமாகப் போக.

உள்ளே வந்ததும் வேதாசலம் உட்காரவில்லை.

"வந்த விஷயத்தைச் சொல்லிடறேன் மாமா. இவளை இங்கயே விட்டுடச் சொல்லி அம்மா ஒத்தக் கால்ல நிக்கறாங்க. வேற எடத்துல பேச்சும் நடக்குது. சரின்னு சொல்லிட்டுப் போயிடலாம்னுதான் பஸ் ஏறினேன்."

பெரியநாயகி கதவைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப?" என்றார் அப்பாதுரை.

"செங்கல்பட்டுலயே ஒரு வீடு பாத்துக்கறேன். வேலைக்கும் கிட்ட. இவ இன்னிக்கே வரட்டும். ரெண்டு நாள் வக்கீல் வீட்டு மாடியில இருந்துக்கலாம். அம்மாவுக்கு அப்பறமா சொல்லிக்கறேன்."

பெரியநாயகி பெட்டியை எடுக்க உள்ளே பாய்ந்தார். மகள் மனம் மாறுவதற்குள் புடவையை அடுக்கிவிட வேண்டும் என்று அவருக்கு. தாய் மனதுக்குத் தெரியும் போலும்.

"நான் வரலை" என்றாள் காந்தா.

"அடிப்பாவி!" பெட்டி கையிலிருந்து விழுந்தது. "அவரே வாய் திறந்து கூப்பிடறாருடி!"

"கூப்பிடறாரு. ஒளிச்சிக் கூப்பிடறாரு." அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். "நாலு பேரு எதிர்ல தாலி கட்டினீங்க. உங்க அம்மாவுக்குத் தெரியாம மாடியில கொண்டு போய் வெக்க நான் இன்னா திருட்டுச் சாமானா? இன்னிக்கு நாலு பேரு எதிர்ல எழுந்திருக்க முடியலைன்னு சொன்னீங்களே, அதைவிடவா உங்க அம்மாகிட்ட சொல்றது கஷ்டம்? சொல்லிட்டு தீபாவளிக்கு வாங்க. நான் பெட்டியோட நிக்கறேன்."

"வரலைன்னா?"

"வரலைன்னா, வரலை."

  நியாயத்துக்கு அப்பாதுரை ஒரு அதட்டல் போட்டிருக்க வேண்டும். அன்றைக்கு அவர் குரல் கணக்கு காலையிலேயே தீர்ந்துவிட்டிருந்தது.

வேதாசலம் தடியை எடுத்துக்கொண்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாசலில் சின்னப்பையனைக் கடக்கும்போது மட்டும் நின்றார்.

"அந்த வெட்டின கையெல்லாம் அடுப்புல போட்டுட்டியா மச்சான்?"

"இல்ல மாமா. இருக்குது. மரவாடியில இருக்குது."

தலையாட்டிவிட்டுப் போனார். பாவு சுருட்டிய தெருவில் இப்போது நேரே நடக்க முடிந்தது.

சாயங்காலம் கங்கையம்மாள் குழாயடிக்கு ஒரு சமாசாரம் கொண்டு வந்தார். அவர் தம்பி மாமண்டூர்ப் பக்கம் மாடு பார்க்கப் போனவன், மத்தியானம் உத்திரமேரூரில் திருப்புட்குழி முனிசாமியைப் பார்த்தானாம். எங்கே என்று கேட்டால், மணியம்மாள் வீட்டுக் கூடத்தில். கையில் பூவும் பழமும் தாம்பாளமுமாக. மகன் காஞ்சிபுரம் போயிருக்கிற நேரமாகப் பார்த்து. கூடவே முனிசாமியின் மகள் கமலவேணி, பட்டுப் பாவாடை கட்டி, தலை நிறையப் பூவோடு.

குடத்தில் தண்ணீர் வழிந்து ஓடியதை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு விடியற்காலையிலேயே வேதாசலம் வந்தார். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார், கன்னத்தில் அதற்கு அடையாளமும் இருந்தது. கார்த்திகையில் காந்தா செங்கல்பட்டுக்குக் குடிபோனாள். மணியம்மாள் அந்த ஊர்ப் பக்கமே ஒரு வருஷம் தலை வைக்கவில்லை. சின்னப்பையனுக்கு மறு வைகாசியில் ஓரிக்கைப் பெண் வடிவைக் கட்டி வைத்தார்கள்.

கமலவேணிக்குக் கல்யாணம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது, அந்தத் தையிலேயே. மாப்பிள்ளை வேதாசலத்தின் தம்பி. காந்தாவும் கமலவேணியும் ஓரகத்திகள் ஆனார்கள்.

அந்தக் கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு முன்னால் பந்தல் ஓரமாக அப்பாதுரை தன் அண்ணனைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அண்ணே, அந்தப் புதன்கிழமை நீ பொண்ணைக் கூட்டிக்கினு போனது பெரியவனுக்கா, சின்னவனுக்கா?"

முனிசாமி மேளக்காரரைப் பார்த்து, "வாசிப்பா, நேரம் ஆவுது இல்ல?" என்று சத்தம் போட்டார். மேளம் கொட்ட ஆரம்பித்துவிட்டது.